அரண்மனை மொழியும் அங்காடி மொழியும்

ஹைதராபாத் நகரின் வடமேற்குப் புறத்தில் பாலாநகர் என்னும் தொழிற்பகுதி அமைந்துள்ளது. நேயர்களுள் பலர் அப்பெயரைக் கேட்டிருக்கமாட்டார்கள். ஆயினும் அவ்விடத்துக்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. 1961-ஆம் ஆண்டில் மைய அரசாங்கம் தொடங்கிய மருந்து நிறுவனம், சோவியத் நாட்டின் துணைகொண்டு மூன்று இடங்களில் ஆலைகளை எழுப்பிற்று. ஒன்று ரிஷிகேசத்தில், மற்றொன்று, அறுவை மருத்துவக் கருவிகள் செய்வது, நம் சென்னையை அடுத்த நந்தம்பாக்கத்தில், மூன்றாவது, செயற்கை மருந்துகள் செய்வது, பாலாநகரில். பின்னர் 1965-இல் விமான மின்னணுக் கருவிகள் செய்யும் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் பிரிவு வந்தது. 1968-இல் கருவி வடிவமைப்பைக் கற்பிக்கும் மையப் பயிலகம் வந்தது. அவற்றைச் சுற்றிக் கடைசல் பட்டறைகளும் அச்சு வார்ப்புக் கூடங்களும் நூற்றுக்கணக்கில் முளைத்தன. மருந்தாலையின் பழைய பொலிவு இன்று இல்லை. பட்டறைகளின் ஓசை மட்டும் ஓயவில்லை.

அத்தகைய பட்டறை ஒன்றில் நாம் ஒருநாள் நின்றுகொண்டிருந்தபோது, இளந் தொழிலாளி ஒருவரின் விரலில் தகடு பட்டுக் குருதி பெருகியது. அருகிலிருந்த முதியவர், அவரைத் 'தவாக்கானா'வுக்கு அழைத்துச் செல்லுமாறு கூவினார். கணக்கு எழுதும் இளைஞர், கடற்கரை மாவட்டத்தவர் போலும், 'ஆசுபத்திரி' என்று தம் போக்கில் அதைத் திருத்திச் சொன்னார். சற்று நேரங் கழித்து, விபத்தைப் பதிவு செய்யும் படிவத்தில் அவரே 'ஹாஸ்பிடல்' என்று ஆங்கிலத்தில் எழுதினார். காயம் ஒன்று; இடம் ஒன்று; பெயர் மூன்று. காயம்பட்டவரோ ஒரிஸ்ஸாவிலிருந்து வந்தவர். அவர் தம் மொழியில் அவ்விடத்தை எவ்வாறு அழைப்பார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இம்மூன்று சொற்களையும் சற்று உற்று நோக்குவோம். 'தவாக்கானா' என்பது பாரசீகத்திலிருந்து உருது வழியாக வந்தது. 'ஆசுபத்திரி' நம் வீட்டு 'ஆஸ்பத்திரி'யின் உடன்பிறப்பு. கப்பலேறி வந்த ஐரோப்பியச் சொல்லே அது. 'ஹாஸ்பிடல்' பற்றிச் சொல்லவேண்டுவதில்லை. மூன்றனுள் ஒன்றேனும் பிறப்பால் தெலுங்கன்று! அவ்வாறிருந்தும் முதலாவதைச் சொன்னவர் படிப்பில்லாதவராகவும், இரண்டாவதைச் சொன்னவர் திருந்திய மொழி பேசுபவராகவும், மூன்றாவதை எழுதியவர் அலுவலர் என்ற தகுதி பெற்றவராகவும் கருதப்படுகின்றனர். சொல்லின் தூய்மை இதற்குக் காரணமன்று என்பது தெளிவு. பின் எது காரணம்? அதனை அறிய, அந்நகரின் கதையை நூற்றைம்பது ஆண்டுகள் பின்னோக்கிக் காணவேண்டும்.

நிஜாமின் சமஸ்தானத்தில் நெடுங்காலம் ஆட்சிமொழியாக விளங்கியது பாரசீகம். 1880-களில் அதன் இடத்தை உருது பெற்றது. பாரசீகத்தினின்று உருதுவுக்கு மாறியது மக்களை நோக்கி எடுத்துவைத்த ஓரடிதான். ஏனெனில் பாரசீகம் எவர் வீட்டிலும் பேசப்படாத மொழி. உருதுவோ நகரத் தெருக்களில் வழங்கிய மொழி. ஆயினும் அந்த அடி, பெரும்பாலான குடிகளின் வீட்டு வாயிலை எட்டவில்லை. சமஸ்தானத்து மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் தெலுங்கர். கால் பங்கினர் மராத்தியர். கன்னடத்தாரும் உருதுவைத் தாய்மொழியாக உடையோரும் தனித்தனியே பத்தில் ஒரு பங்கு அல்லது அதனைச் சற்றுக் கடந்த அளவினர். நிலவரிக் கணக்கும், நீதிமன்றத் தீர்ப்பும், காவல் நிலையப் பதிவும் உருதுவில் நடந்தன. தன் நிலத்தைப் பற்றிய ஏட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அறிய உழவன் ஒருவன் பிறரது கண்ணை இரவல் வாங்கவேண்டியிருந்தது. அந்தக் கண்ணுக்குக் கூலியும் கொடுக்கவேண்டியிருந்தது.

இந்நிலையில்தான், இந்தியக் கல்வி வரலாற்றில் பெரிதும் பேசத்தக்க ஒரு முயற்சி அங்கே தோன்றியது. 1917-இல் நிஜாம் பிறப்பித்த ஆணையின்படி 1918-இல் உஸ்மானியாப் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றது. ஆங்கிலத்தை ஒரு பாடமாக மட்டும் வைத்துக்கொண்டு, ஏனைய கலைகளை எல்லாம் உருதுவிலேயே கற்பிப்பது என்பது அதன் கொள்கை. அக்காலத்தில் பல்கலைக்கழகம் என்றாலே ஆங்கிலம் என்றிருந்த நாட்டில், இது துணிவான செயல். பாடநூல் வேண்டுமே! அதற்கென 1917-இலேயே ஒரு மொழிபெயர்ப்பு நிலையம் அமைக்கப்பட்டது. மெளலவி அப்துல் ஹக் போன்ற அறிஞர்கள் அதில் பணியாற்றினர். கணிதம், வேதியியல், வரலாறு, சட்டம் எனத் துறைதோறும் நூல்கள் மொழிபெயர்க்கப்பட்டன. கலைச்சொற்கள் ஆயிரக்கணக்கில் ஆக்கப்பட்டன. மருத்துவமும் பொறியியலும் கூட அம்மொழியில் கற்பிக்கப்பட்டன. நம் நாட்டு மொழிகளில் உயர்ந்த அறிவியலைச் சொல்ல இயலாது என்று இன்றும் வாதிடுவோர் இருக்கின்றனர். அவர்கள் உஸ்மானியாவின் முப்பதாண்டு வரலாற்றை ஒருமுறை படித்துப் பார்ப்பது நலம்.

இதே ஆண்டுகளில் தமிழ்நாட்டில் நடந்தது நினைவுக்கு வருகின்றது. 1916-இல் சேலத்தில் இராஜாஜி அவர்களும் வெங்கடசுப்பையரும் தமிழில் அறிவியற் சொற்களை ஆக்குவதற்கென ஒரு சங்கம் அமைத்து ஓர் இதழும் நடத்தினர். நோக்கம் ஹைதராபாத்தின் நோக்கமே. அறிவிலும் ஆர்வத்திலும் குறைவில்லை. ஆனால் ஓரிடத்தில் அரசாங்கக் கருவூலம் துணை நின்றது. மற்றோரிடத்தில் சில தனிமனிதரின் ஓய்வுநேரம் மட்டுமே துணை நின்றது. ஒரு மொழி பல்கலைக்கழகம் ஏறிற்று. மற்றொரு மொழி இதழொன்றின் பக்கங்களில் காத்திருந்தது. கோவை அரசினர் கல்லூரியில் தமிழ்வழிப் பட்ட வகுப்பு தொடங்குவதற்கு 1960 வரை பொறுத்திருக்க வேண்டியதாயிற்று.

இதற்கும் முன்னரே யாழ்ப்பாணத்து மானிப்பாயில், 1847-இல் இலங்கை வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மருத்துவர்களைப் பயிற்றினார். தமிழால் இயலுமா என்ற கேள்விக்கு அப்போதே விடை கிடைத்துவிட்டது. அரசாங்க உத்தியோகம் ஆங்கிலம் அறிந்த மருத்துவருக்கே என்ற நிலையில், அம்முயற்சி அவருக்குப்பின் நீடிக்கவில்லை.

உஸ்மானியாவுக்குத் திரும்புவோம். அதன் பெருமையைச் சொன்னோம். அதன் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். அந்நிய மொழியிலிருந்து விடுதலை என்று அப்பல்கலைக்கழகம் முழங்கியபோது, வாரங்கல்லிலோ நல்கொண்டாவிலோ பிறந்த தெலுங்கு மாணவனுக்கு உருதுவும் அந்நியமே என்பது பலருக்குத் தோன்றவில்லை. அவனுக்கு ஓர் ஏணி போடப்பட்டது; ஆனால் அவ்வேணியின் முதற்படி அவன் உயரத்துக்கு மேலே இருந்தது. 1941-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் காலத்தில் சமஸ்தானத்தில் எழுத்தறிந்தோர் நூற்றுக்குப் பத்துப்பேருக்கும் குறைவு. பல்கலைக்கழகம் தாய்மொழியை வாழ்த்திற்று. எந்தத் தாயின் மொழி என்பதை மட்டும் அரண்மனை முடிவு செய்தது.

தாழ்ந்த மொழி என்ற எண்ணம் ஆள்வோரிடமிருந்து மட்டும் வருவதில்லை. 1921-ஆம் ஆண்டு நவம்பரில் ஹைதராபாத்தில் சமூகச் சீர்திருத்த மாநாடு ஒன்று கூடிற்று. தலைமை தாங்கியவர் பெண் கல்விக்காகப் பாடுபட்ட புனேயின் கார்வே. ஆங்கிலத்திலும் உருதுவிலும் மராத்தியிலும் பலர் பேசினர். அவை அமைதியாகக் கேட்டது. ஆலம்பள்ளி வெங்கடராமராவ் என்னும் வழக்கறிஞர் எழுந்து தெலுங்கில் பேசத் தொடங்கினார். அவையினர் கூச்சலிட்டுச் சிரித்தனர். அந்நாட்டின் பெரும்பான்மையோரின் மொழி, அந்நாட்டின் தலைநகரில், சீர்திருத்தம் பேச வந்த படித்தவர் கூட்டத்தில் நகைப்புக்கு உரியதாயிற்று! அன்றிரவே தெலுங்கர் சிலர் கூடி ஆந்திர ஜன சங்கம் என்ற அமைப்பைத் தொடங்கினர். பிற்காலத்து ஆந்திர மகாசபைக்கும் தெலங்கானாவின் அரசியல் விழிப்புக்கும் அதுவே வித்து.

அச்சங்கத்தின் முன்னோடிகளுள் ஒருவரான மாடபாடி அனுமந்தராவ், 1928-இல் நாராயணகுடாவில் பெண்களுக்கெனத் தெலுங்குவழிப் பள்ளி ஒன்றை நிறுவினார். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் உருதுவுக்கே இடம். ஆகவே அப்பள்ளி வேறிடத்து ஏற்பினை நாட வேண்டியிருந்தது. ஏற்றுக்கொண்டது எது தெரியுமோ? கார்வே நிறுவிய மகளிர் பல்கலைக்கழகமே. வரலாறு சில வேளைகளில் இத்தகைய விந்தைகளைச் செய்துவைக்கின்றது.

பத்திரிகையின் பணியும் இங்கே குறிப்பிடத்தக்கது. 1926-இல் சுரவரம் பிரதாபரெட்டி 'கோல்கொண்டா பத்திரிகை'யைத் தொடங்கினார். நிஜாம் நாட்டுத் தெலங்கானாவில் கவிஞரே இல்லை என்று ஒருவர் எழுதிவிட்டார். பிரதாபரெட்டி மறுப்புக் கட்டுரை எழுதி நின்றுவிடவில்லை. ஊர் ஊராகத் தேடி, 354 கவிஞர்களின் பாடல்களைத் திரட்டி, 1934-இல் ஒரு பெருந்தொகுப்பாக வெளியிட்டார். கவிஞர்கள் முன்பும் இருந்தனர். அச்சு ஏறாதிருந்தனர், அவ்வளவே. அச்சில் இல்லாதவனை உலகில் இல்லாதவன் என்று முடிவுகட்டும் வழக்கம் அக்காலத்தோடு போய்விட்டதா என்பதை நேயர்களே எண்ணிப் பார்க்கலாம்.

அடுத்து வானொலி. 1933-இல் மகபூப் அலி என்பவர் ஹைதராபாத்தில் தனிமுயற்சியாக ஒலிபரப்பைத் தொடங்கினார். 1935-இல் சமஸ்தான அரசாங்கம் அதனை எடுத்துக்கொண்டது. 'தக்காண வானொலி' என அது பெயர் பெற்றது. பிறமொழி நிகழ்ச்சிகளும் இடம்பெற்றன. எனினும் முதலிடம் உருதுவுக்கே. தெலுங்கர் பலர் தம் மொழியைக் கேட்க எட்டுத் திசையிலும் அலையைத் தேடினர். 1938-இல் தொடங்கிய சென்னை நிலையம் தமிழோடு தெலுங்கையும் ஒலிபரப்பியது. விஜயவாடா நிலையம் 1948-இன் இறுதியில்தான் வந்தது. 1947-இல் நாடு பிரிந்தபின் இந்தியாவின் பங்குக்கு வந்த வானொலி நிலையங்கள் ஆறே. அவற்றுள் சென்னை, திருச்சி ஆகிய இரண்டும் தமிழ் நிலத்தில் இருந்தன. இதனை நம் மொழியின் சிறப்பு என்று மட்டும் எண்ணி மகிழ்வது எளிது. மாகாணத் தலைநகர் நம்மிடம் இருந்தது என்பதும் அதற்கு ஒரு காரணமே.

1948 செப்டம்பர் 17-ஆம் நாள், நிஜாம் தாமே வானொலியில் பேசித் தம் படைகள் போரை நிறுத்தியதை அறிவித்தார். 1950-இல் ஹைதராபாத் நிலையம் அகில இந்திய வானொலியுடன் இணைந்தது. ஆட்சி மாறியதும் மொழியின் நிலையும் மாறிற்று. உஸ்மானியாவில் உருதுவின் இடத்தை ஆங்கிலம் பிடித்தது. அதனை இந்திவழிப் பல்கலைக்கழகம் ஆக்கலாம் என்ற யோசனையும் ஒருகால் எழுந்து, எதிர்ப்பினால் கைவிடப்பட்டது. முப்பதாண்டுகளாக அரும்பாடுபட்டு ஆக்கிய கலைச்சொற்களும் நூல்களும் அலமாரிகளில் அடைந்தன. உருது கற்றவர் தெலுங்கரை நோக்கி ஒருகாலத்தில் எந்த உயரத்திலிருந்து பார்த்தனரோ, அந்த உயரத்திலிருந்து ஆங்கிலம் கற்றவர் இப்போது இருசாராரையும் பார்க்கலாயினர்.

இவ்விடத்தில் தமிழராகிய நாமும் கதைக்குள் வருகிறோம். செகந்தராபாத்தின் ஆங்கிலப் படைவீட்டைச் சார்ந்து தமிழர் பல தலைமுறைகளாக வாழ்ந்துவந்தனர். 1862-இல் சோமசுந்தர முதலியார் அங்கே தொடங்கிய பள்ளியே மகபூப் கல்லூரியாக வளர்ந்தது; 1893-இல் சுவாமி விவேகானந்தர் அமெரிக்கப் பயணத்துக்கு முன் சொற்பொழிவாற்றிய இடமும் அதுவே. அவ்வுறவு பழைய உறவு. அதில் மனக்கசப்பு இல்லை. ஆனால் 1948-க்குப் பின் நேர்ந்தது வேறு. அலுவலகங்களும் பள்ளிகளும் ஆங்கிலத்துக்கு மாறவே, ஆங்கிலம் பயின்ற உத்தியோகஸ்தரும் ஆசிரியரும் சென்னை மாகாணத்திலிருந்து வந்து நிரம்பினர். அவர்களுட் பலர் தெலுங்கர்; தமிழரும் இருந்தனர். உருதுவில் பட்டம் பெற்ற உள்ளூர் இளைஞன், தன் பட்டம் ஒரே நாளில் செல்லாக்காசாகியதைக் கண்டான். 1952-இல் மாணவர் கிளர்ச்சி வெடித்தது. 'வெளியாரே, திரும்பிப் போங்கள்' என்பதோடு, 'இட்லி சாம்பாரே, திரும்பிப் போ' என்பதும் முழக்கமாயிற்று. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாண்டன.

நம் காலை உணவு ஒரு வசைச்சொல்லாக ஆனதைக் கேட்டு நமக்குச் சிரிப்பு வரலாம், சினமும் வரலாம். அவ்விளைஞர்கள் இட்லியின்மீது பகை கொள்ளவில்லை. மதராஸ் மாகாணத்தில் நூறாண்டுகளாக வேரூன்றியிருந்த ஆங்கிலக் கல்வி நமக்கு ஒரு முன்னிலையைத் தந்திருந்தது. அதனை நாம் திறமை என்றே நினைத்தோம். திறமையும் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் போட்டி நடந்த களத்தின் மொழி நம் பக்கம் சாய்ந்திருந்தது என்பதைக் களத்தில் வென்றவன் காண்பது அரிது. தமிழுக்காகப் போராடியவர் நாம் என்று பெருமை கொள்ளும் நமக்கு, பிறிதோரிடத்தில் நாம் ஆங்கிலத்தின் தோளேறிச் சென்றவர் என்ற நினைவும் இருக்கவேண்டும்.

1956-இல் மொழிவழி மாநிலம் அமைந்தது. தெலுங்கு பேசுவோர் அனைவரும் ஒரு குடைக்கீழ் வந்தனர். இனிச் சிக்கல் இல்லை என்றே பலரும் எண்ணினர். ஆனால் தெலுங்கு என்றால் எந்தத் தெலுங்கு? கிருஷ்ணா, குண்டூர் முதலிய கடற்கரை மாவட்டங்களில் படித்தவர் வழங்கிய நடையே பாடநூலில் ஏறிற்று, செய்தித்தாளில் ஏறிற்று, வானொலியிலும் அதுவே ஒலித்தது. உருதுச் சொற்கள் கலந்த தெலங்கானா வழக்கு, பிழைத் தெலுங்கு எனப்பட்டது. திரைப்படத்தில் அது நகைச்சுவைப் பாத்திரத்துக்கும் அடியாளுக்கும் உரிய பேச்சாயிற்று. கதாநாயகன் அதனைப் பேசுவது அரிதாக இருந்தது. வகுப்பில் 'தவாக்கானா' என்று சொன்ன சிறுவன் தலைகுனிந்தான். 1921-இல் மாநாட்டில் எழுந்த அதே சிரிப்பு, இம்முறை தெலுங்கரிடமிருந்தே எழுந்தது.

நம் திரைப்படங்களில் சென்னைக் குடிசைப்பகுதிப் பேச்சு யார் வாயில் வருகின்றது என்பதையும், வானொலியில் கன்னியாகுமரி உழவனின் தமிழ் எந்த நிகழ்ச்சியோடு நின்றுவிடுகின்றது என்பதையும் இங்கே நினைத்துக்கொள்வோம். வேளாண் நிகழ்ச்சியில் மட்டும் வட்டார வழக்கும், செய்தியில் மட்டும் செந்தமிழும் என்று பிரித்துவைத்தோரில் நம்மனோரும் உண்டு.

அச்சிரிப்புக்கு எதிராகத் தம் பேனாவை எடுத்தவர் காளோஜி நாராயணராவ். 1914 முதல் 2002 வரை வாழ்ந்த இக்கவிஞர், மக்கள் பேச்சிலேயே கவிதை எழுதினார். ஒருசில மாவட்டங்களின் வழக்கையே மொழி முழுவதும் என்று சொல்வதைக் கடிந்தார். 2014-இல் தெலங்கானா தனி மாநிலம் ஆயிற்று. அவர் பிறந்த செப்டம்பர் 9-ஆம் நாள் அவ்வாண்டு முதல் தெலங்கானா மொழி நாளாகக் கொண்டாடப்படுகின்றது. 2017-இல் உருது மாநிலம் முழுவதற்கும் இரண்டாம் ஆட்சிமொழி ஆயிற்று. 2018-இல் பள்ளிகளில் தெலுங்கு கட்டாயம் என்ற சட்டம் வந்தது. அதே ஆண்டில் நகரத்து எளிய குடியிருப்புகளில் சிறு மருத்துவ நிலையங்களை அரசாங்கம் திறக்கத் தொடங்கியது. அவற்றுக்குச் சூட்டிய பெயர், 'பஸ்தி தவாக்கானா'. வகுப்பில் தலைகுனிய வைத்த சொல், அரசாங்கத்தின் பெயர்ப்பலகையில் ஏறிவிட்டது. சொல் மாறவில்லை, அதனைச் சொல்வோரின் கையில் ஆட்சியின் ஒரு பகுதி வந்திருக்கிறது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். ஆனால் 2022-இல், அரசாங்கப் பள்ளிகளிலும் ஆங்கிலவழிக் கல்வியைக் கொணர்வதென அதே மாநிலம் முடிவு செய்தது. முரண்பாடு என்று எளிதில் சொல்லிவிடலாம். பாலாநகர்ப் பட்டறையில் அந்த முதியவரிடம் இதுபற்றிக் கேட்டோம். அவருக்கு ஒரு பெயர்த்தி, ஐந்தாம் வகுப்பு. ஆங்கிலப் பள்ளியில்தான் படிக்கிறாள் என்றார். ஏன் என்றதற்கு அவர் விடை கூறாமல், கடைசல் எந்திரத்தின்மேல் ஒட்டியிருந்த எச்சரிக்கைத் தாளைச் சுட்டிக்காட்டினார். முப்பது ஆண்டுகளாக அந்த எந்திரத்தை இயக்குபவர் அவர். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பிறர் படித்துச் சொல்லத்தான் அறிவாராம்.

இதற்குள் காயம்பட்ட இளைஞர் கட்டுடன் திரும்பி வந்தார். கையில் ஒரு மாத்திரைப் பட்டை இருந்தது. அதில் எழுத்து முழுவதும் ஆங்கிலம். எப்போது உண்பது என்று முதியவர் கேட்க, அவர் விழித்தார். கணக்கெழுதும் இளைஞர் அதனை வாங்கிப் பார்த்து, காலையும் இரவும் உணவுக்குப்பின் என்று ஹிந்தியும் தெலுங்கும் கலந்து சொன்னார். ஒரிஸ்ஸாக்காரர் இரண்டு விரல்களைக் காட்டினார், புரிந்ததென்று. முதியவர் அந்தப் பட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மாலையில் பெயர்த்தியிடம் காட்டிக் கேட்டு நாளைக்கு உறுதி சொல்வதாகக் கூறி, அதன் பின்புறத்தைத் தம் கைபேசியில் படமெடுத்துக்கொண்டார்.